கிளெய்ம் கோப்புகள்: ஒரு வேண்டுகோள்

தோழர்களே, வணக்கம். போன வாரம் ஒரு அம்மா, காப்பீட்டு நிறுவனத்திலிருந்து திரும்பி வந்த கிளெய்ம் (காப்பீட்டுப் பணக் கோரிக்கை) தாளை மடித்து மடித்துக் கசக்கியபடி என் எதிரில் உட்கார்ந்திருந்தார். நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது நாம் தரும் டிஸ்சார்ஜ் சம்மரியில் 'மனஅழுத்தம்' என்று ஒரே சொல். ஐசிடி குறியீடு, அதாவது நோய்களுக்கான சர்வதேச வகைப்பாட்டு எண், இல்லை.

உடல்நோய்க்கு உள்ள அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தரச் சொல்கிறது, 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 21(4). நம் குறிப்பு சரியில்லாமல் அது கைநழுவக் கூடாது. 'மிதமான மனச்சோர்வு, எஃப் 32.1, இரவில் 3 மணி நேரமே தூக்கம், 10 நாளாக வேலைக்குப் போகவில்லை' என்று அன்றன்றே எழுதுங்கள். 'நன்றாகப் பேசினார்' போதாது.

குடும்ப விவகாரங்களைக் கிளெய்மில் சேர்க்காதீர்கள். அதே சட்டத்தின் பிரிவு 23 நோயாளியின் ரகசியம் காக்கச் சொல்கிறது. எழுத்தில் சம்மதம் வாங்காமல் எந்தத் தாளையும் அனுப்ப வேண்டாம்.