18,000 ரூபாய்க்காக மொத்தக் கணக்கையும் முடக்குவதா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இணைய மோசடியில் பணம் பறிகொடுத்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள் என்று எல்லாப் பத்திரிகைகளும் எழுதுகின்றன. தேவையான அறிவுரைதான். புகார் சீக்கிரம் பதிவானால்தான் பணம் கை மாறுவதற்குள் தடுக்க முடியும். ஆனால் அந்தப் புகாரால் சம்பந்தமே இல்லாமல் சிக்கிக்கொள்கிற சிறு வியாபாரிகளைப் பற்றி அதிகம் பேச்சில்லை. ஈரோட்டில் ஜவுளிக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவன் நான். கண்ணெதிரே பார்த்ததைச் சொல்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஒருவர் சந்தையில் நைட்டி மொத்த வியாபாரம் செய்கிறார். வெளிமாநிலத்திலிருந்து வந்த புதுப் பார்ட்டி ஒருவர் சரக்கு எடுத்துவிட்டு 18,000 ரூபாயை ஜிபேயில் அனுப்பினார். பில் போட்டு, பண்டல் கட்டி, லாரி ஆபீஸில் சேர்த்தாயிற்று. அப்புறம் ஒரு சனிக்கிழமை தையல்காரர்களுக்குக் கூலி போடப் பார்த்தால் பணம் போகவில்லை. வங்கியில் கேட்டால், 'சைபர் கிரைம் ஃப்ரீஸ்' என்று சொல்லி ஒரு புகார் எண்ணை மட்டும் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். வடக்கே யாரோ ஏமாந்த பணம் இரண்டு மூன்று கணக்குகள் தாண்டி இவருக்கு வந்த தொகையில் சேர்ந்திருக்கிறதாம். கணக்கில் இருந்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பணம் மொத்தமும் முடங்கியது. துணி வாங்கிய இடத்துக்குக் கொடுத்திருந்த செக் திரும்பிவிட்டது. வங்கி மேலாளரோ, "புகார் பதிவான ஸ்டேஷனில் நீங்களே பேசி என்ஓசி வாங்கிட்டு வாங்க" என்கிறார். கணக்கைத் திறக்க ஆட்சேபணை இல்லை என்று போலீஸ் தரும் கடிதம்தான் இந்த என்ஓசி. அந்த ஸ்டேஷன் போனை யாரும் எடுப்பதில்லை. எடுத்தாலும் இந்திதான். இவருக்கு அது தெரியாது.

வங்கிக் கணக்கும் காவல்துறை கைப்பற்றக்கூடிய சொத்துதான் என்று உச்ச நீதிமன்றம் 1999-லேயே சொல்லிவிட்டது. சரி, அதிகாரம் இருக்கிறது. அந்த அதிகாரத்தைத் தரும் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 102-வது பிரிவும், 2024 ஜூலை முதல் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டத்தின் 106-வது பிரிவும், கைப்பற்றியதை உடனடியாக மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்கச் சொல்கின்றனவே! எந்த மாஜிஸ்திரேட்டுக்கு, என்றைக்குத் தெரிவித்தார்கள் என்று வங்கியில் கேட்டேன். அவர்களுக்கும் தெரியவில்லை.

சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்தி வைத்துவிட்டு மீதியை எடுக்க விடுங்கள் என்று கேரள உயர் நீதிமன்றம் 2023-லும் நம் சென்னை உயர் நீதிமன்றம் 2024-லும் உத்தரவிட்டிருக்கின்றன. ஆனால் வழக்குப் போட்டவருக்குத்தான் அந்த நிவாரணம் கிடைக்கிறது. நைட்டி விற்பவர் சென்னைக்கு வந்து உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டால் வக்கீல் பீஸே அந்த 18,000-ஐத் தாண்டிவிடும். அந்தத் தொகையை விட்டுவிடக்கூட அவர் தயார். மீதிப் பணத்தைத்தான் கேட்கிறார்.

நீதிமன்றங்கள் சொன்னதை மத்திய உள்துறையும் ரிசர்வ் வங்கியும் எல்லா வங்கிக் கிளைகளிலும் கட்டாயமாக்க வேண்டும். எந்த ஸ்டேஷன், எந்தப் பிரிவு, எவ்வளவு தொகை என்ற விவரம் முடக்கிய அன்றே எழுத்துமூலமாகக் கணக்குக்காரர் கைக்கு வர வேண்டும். முக்கியமாக, பில்லையும் லாரி ரசீதையும் இங்கேயே மாவட்ட சைபர் கிரைம் போலீஸாரிடம் காட்டி, அவர்கள் சரிபார்த்து அனுப்புகிற அறிக்கையை வெளிமாநில போலீஸார் ஏற்க வேண்டும். குஜராத்துக்கோ ராஜஸ்தானுக்கோ கடையைப் பூட்டிவிட்டு எத்தனை முறை போக முடியும்?

தீபாவளிக்குச் சரக்குப் போடும் நேரம் இது. இதற்குப் பயந்து சந்தையில் பலர் முன்பின் தெரியாதவர்களிடம் சரக்குக்கான பணத்தை ரொக்கமாகத்தான் வாங்குகிறார்கள். தங்கள் நிருபர்கள் இதை மாநில சைபர் குற்றப் பிரிவு அதிகாரிகளிடம் கேட்டு, பாதிக்கப்பட்டவர்கள் யாரிடம், எந்தெந்தக் காகிதங்களோடு போக வேண்டும் என்பதை விவரமாக வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், ஈரோடு