முதல் பருவ நிறைவும் மதிய பெந்தோவும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஜப்பானில் சனிக்கிழமைகளில் நடக்கும் நம் தமிழ்ப் பள்ளியில், ஏப்ரலில் தொடங்கிய முதல் பருவம் இந்தச் சனிக்கிழமையோடு முடிகிறது. மழலை வகுப்பு உயிரெழுத்துகளை முடித்துவிட்டது. குறள் ஒப்புவித்தலில் எல்லா நிலையினரும் நன்றாகச் செய்தார்கள். ஆண்டு விழா நாடக ஒத்திகையும் ஆரம்பமாகிவிட்டது. அனைவருக்கும் பாராட்டுகள்.

சரி, மதிய பெந்தோவுக்கு, அதாவது டப்பாவில் கட்டி வரும் சாப்பாட்டுக்கு வருவோம்.

வார நாட்களில் பெரிய பிள்ளைகளுக்கு ஜப்பானியப் பள்ளியிலேயே சாப்பாடு கிடைத்துவிடுகிறது. பெந்தோ கட்டும் வேலை உங்களுக்குச் சனிக்கிழமை இங்கே வரும்போதுதான். அதை எவ்வளவு சிரத்தையாகச் செய்கிறீர்கள் என்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். நோரியில் (உலர்ந்த கடற்பாசித் தாள்) கண் வெட்டி ஒட்டிய பாண்டா சோற்றுருண்டை, கால் விரித்த ஆக்டோபஸ் போல வெட்டிய சாசேஜ், தோலை முயல் காதாக நறுக்கிய ஆப்பிள் எல்லாம் வருகின்றன. கறிவேப்பிலை தூவிச் சுருட்டிய தமாகோயாகிக்கு (ஜப்பானிய முட்டைச் சுருள்) ஆசிரியைகளே செய்முறை கேட்டு வாங்கியிருக்கிறார்கள்.

ஆனால் கார்ட்டூன் முகம் செய்யும் இந்தக் கியராபென் கொஞ்ச நாளாகப் போட்டியாகிவிட்டது. மூடியைத் திறந்ததும் யார் டப்பாவில் பிக்காச்சு என்று எட்டிப் பார்க்கிறார்கள். போன மாதம் ஒரு குழந்தை தயிர்சாத டப்பாவைத் திறக்காமலே பைக்குள் தள்ளிவிட்டு, "பசிக்கல மிஸ்" என்றது. வாட்ஸ்அப் குழுவில் பெந்தோ படங்களுக்கு நடுவே வீட்டுப்பாட அறிவிப்பைத் தேட வேண்டியிருக்கிறது. ஜப்பானிலேயே சில மழலையர் பள்ளிகள் கியராபென் வேண்டாம் என்று சொல்லியிருக்கின்றன. நாங்கள் அந்த அளவுக்குப் போகவில்லை.

பெரிய கவலை பாதுகாப்புதான். உருவம் பிடிக்கச் சோற்றை வெறுங்கையால் அழுத்துவதும், சூடு ஆறாமல் மூடுவதும் இந்தப் புழுக்கத்தில் ஆபத்து. பிளாஸ்டிக் உறைத்தாளில் வைத்துப் பிடியுங்கள், நன்றாக ஆறியபின் மூடுங்கள், ஐஸ் பேக் வையுங்கள். நடுவில் ஓர் உமெபோஷி (உப்பில் ஊறிய புளிப்புப் பழம்) வைத்தால் டப்பா முழுக்கக் கெடாது என்று நம்ப வேண்டாம். அது பட்ட இடத்துக்குத்தான் உதவும்.

2024 பிப்ரவரியில் ஃபுகுவோகா மாகாணத்தில் பள்ளி உணவிலிருந்த காடை முட்டை தொண்டையில் சிக்கி ஒன்றாம் வகுப்புச் சிறுவன் இறந்தது நினைவிருக்கும். ஆகவே மழலை, முதல் நிலை வகுப்புகளுக்கு முழுக் காடை முட்டை கூடாது. திராட்சையும் செர்ரி தக்காளியும் நான்காக நறுக்கியே வர வேண்டும். கண், காதாகக் குத்தும் குட்டிப் பிளாஸ்டிக் குச்சிகளும் கூடாது. அடுத்த பருவம் முதல் இவை இருந்தால் ஆசிரியர்கள் எடுத்துவிடுவார்கள், யாருக்கும் விலக்கு இல்லை. முட்டை, நிலக்கடலை, சோபா (பக்வீட் மாவு நூடுல்ஸ்) ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் இருப்பதால் பகிர்ந்து உண்பதும் வேண்டாம்.

அலங்காரமே தப்பு என்று சொல்லவில்லை. கேரட்டைப் பூவாக வெட்டுங்கள். எலுமிச்சை சாதத்தை முக்கோணமாகப் பிடியுங்கள் (ஜப்பான் அரிசியில்தான் நிற்கும், பொன்னி உதிர்ந்துவிடும்). இட்லியும் பொடியும் மட்டும் வந்தாலும் எங்களுக்குச் சந்தோஷமே. விடுமுறை நாளிலும் விடியலில் எழுந்து சமைக்கும் உங்களுக்கும், சாப்பாட்டு நேர மேற்பார்வைக்கு முறை வைத்து வரும் அப்பாக்களுக்கும் மனமார்ந்த நன்றி.

செப்டம்பர் மாதத்தின் முதல் சனிக்கிழமையன்று வகுப்பு தொடங்கும். தண்ணீர் பாட்டிலில் பெயர் எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்