டென்னிஸ் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2025–26

தலைவர், செயற்குழுவினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு செயற்குழு நான்கு முறை கூடியது. குடியரசு தினப் போட்டியும் கோடை முகாமும் வழக்கம்போல் நடந்தன. புது வலை ஒன்று வாங்கினோம்.

அப்புறம், கல்லூரிப் பிள்ளைகளுக்கு நடத்திய தேர்வுப் போட்டி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் "இதெல்லாம் பல்கலைக்கழகம் பார்த்துக்கொள்ளாதா, நமக்கு எதற்கு" என்று போன பொதுக்குழுவிலேயே கேட்டார்கள். 2025 ஜூலையில் ஜெர்மனியில் நடந்த உலகப் பல்கலைக்கழக விளையாட்டில் வைஷ்ணவி அட்கர் மகளிர் ஒற்றையரில் வெண்கலம் வாங்கினார். அதற்கு முன் அந்த விளையாட்டில் டென்னிஸுக்கென்று இந்தியாவுக்குக் கிடைத்தது 1979இல் மெக்சிகோவில் நந்தன் பால் வாங்கிய வெள்ளிதான். நடுவே 46 வருஷம். ஆடத் தெரிந்த பிள்ளைகள் இல்லாமலா போய்விட்டார்கள்? கல்லூரி அணி, பல்கலைக்கழக அணி, தென் மண்டலம், அகில இந்தியப் போட்டி, கடைசியில் இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் தேர்வு என்று ஏறுவதற்குள் செமஸ்டர் தேர்வு, வருகைப் பதிவு, காகிதம் என்று எங்காவது ஒரு படியில் பிள்ளை நின்றுவிடுகிறது.

நாக் அவுட் வேண்டாம் என்று நான்தான் பிடிவாதமாக நின்றேன். ஒரு நாள் சர்வீஸ் விழவில்லை என்றால் அந்த வருஷமே போய்விடும். ஆண்கள் எட்டுப் பேர், பெண்கள் எட்டுப் பேர், எல்லோரும் எல்லோரோடும் ஆடினார்கள். மொத்தம் 56 ஆட்டம், ஆறு ஞாயிறு.

போன வருஷம் நம் பிள்ளை ஒருத்தியை ஒரு தேர்வு இடத்தில் திருப்பி அனுப்பினார்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் பெயருக்கு முன்னால், கல்லூரி அட்டையில் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. ராக்கெட் பையை இறக்கக்கூட இல்லாமல் கேட்டருகே நின்று அப்பாவுக்குப் போன் செய்துகொண்டிருந்தாள். அதனால்தான் இந்த முறை மைதானத்திலேயே மேசை போட்டு ஒவ்வொருவர் ஃபைலையும் சரிபார்த்தேன். அவளுக்கு இப்போது மூன்றிலும் ஒரே பெயர். தென் மண்டலப் போட்டிக்குப் போன அணியிலும் இருந்தாள்.

நடுவர் பட்டியலில் 11 உறுப்பினர்கள் பெயர் கொடுத்திருந்தார்கள். பெரும்பாலான ஞாயிறுகளில் வந்தது நானும் பொருளாளரும் கோர்ட் பராமரிக்கும் அண்ணனும்தான். தோற்ற பிள்ளை வியர்வை காயும் முன்னே அடுத்த ஆட்டத்துக்கு நடுவர் நாற்காலியில் ஏறி உட்கார வேண்டியிருந்தது. எனக்கு அது மனசே ஆறவில்லை. வர முடியாதென்றால் முந்தைய நாளே ஒரு போன் செய்திருக்கலாம்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி. பந்துச் செலவு நினைத்ததைவிடக் கூடுதல், கொஞ்சம் கைமாற்றும் வாங்கியிருக்கிறோம். பாதிப் பேருக்கு மேல் சந்தா பாக்கி.

மைதானம் தந்த கல்லூரிக்கும், மோர் கொடுத்த பெற்றோருக்கும், செயற்குழுவுக்கும் நன்றி.

அடுத்த உலகப் பல்கலைக்கழக விளையாட்டு 2027இல் தென் கொரியாவில். இப்போது முதலாம், இரண்டாம் ஆண்டு படிக்கிற நம் பிள்ளைகளுக்கு வயது சரியாக இருக்கும். நான் தொடர்வதா வேண்டாமா என்பது பொதுக்குழு முடிவு, சரி. ஆனால் யார் செயலாளராக வந்தாலும் பந்து வாங்கப் பணமும், ஆறு ஞாயிறு வெயிலில் உட்கார ஆளும் வேண்டும். ரசீது புத்தகம் கூட்டம் முடியும்வரை வாசல் மேசையில் இருக்கும், பக்கத்திலேயே நடுவர் பட்டியலும்.