பவர் சேவர்: பில்லை விடுங்கள், மீட்டரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளக்கில் செருகினாலே மின் கட்டணம் 40 சதவீதம் குறையும் என்கிற 'பவர் சேவர்' விளம்பரங்கள் வெயில் காலம் வந்தால் பெருகிவிடுகின்றன. வாங்கியவர்களில் சிலர், "எங்கள் வீட்டில் நிஜமாகவே குறைந்தது" என்று அடித்துச் சொல்கிறார்கள். பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்த்த விதத்தில்தான் கோளாறு.

ஏப்ரல், மே மாத பில்லை அதற்கடுத்த பில்லோடு ஒப்பிட்டால், ஏ.சி. ஓட்டம் குறைந்ததும் சாதனத்தின் கணக்கில் சேர்ந்துவிடும். இன்னொன்றும் உண்டு. தமிழ்நாட்டில் இரு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் கூடுதல் விகிதம் விழும். அதனால் 510 யூனிட் 495 ஆனாலே பில் 300 ரூபாய்க்கு மேல் இறங்கிவிடும். குறைந்ததோ வெறும் 15 யூனிட். ஆகவே ரூபாயைப் பார்க்காமல் யூனிட்டைப் பார்க்க வேண்டும்.

அதற்கு இரண்டு மாதம் காத்திருக்கத் தேவையில்லை. மின்னணு மீட்டரின் முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டும். அதன் அருகே 3200 என்று எழுதியிருந்தால், 3200 சிமிட்டலுக்கு ஒரு யூனிட். (சில மீட்டர்களில் 1600 இருக்கும், அப்போது எண்ணிக்கை பாதியாகும்.) ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர், மோட்டார் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஒரு சாதாரண மின்விசிறியை முழு வேகத்திலும், பழைய இரும்புச் சோக் போட்ட ட்யூப் லைட் ஒன்றையும் ஓட விடுங்கள். சோக் லைட்டை வேண்டுமென்றேதான் சொல்கிறேன்: பவர் சேவர் தன் திறமையைக் காட்ட இதைவிட வசதியான சுமை வீட்டில் கிடைப்பது அரிது. இரண்டும் சேர்ந்து சுமார் 125 வாட். 15 நிமிடத்தில் ஏறக்குறைய 100 சிமிட்டல் வரும். விளம்பரம் உண்மையானால் சாதனத்தைச் செருகியதும் அது 60 ஆக வேண்டும். இந்த 60-ஐ எண்ணத் தொடங்கும் முன்பே தாளில் எழுதி வைத்துவிடுங்கள். பிறகு மாற்றிப் பேச இடமிருக்காது.

விசிறி பத்து நிமிடம் ஓடி நிலைப்பட்ட பின் எண்ணுங்கள். ஸ்டாப்வாட்சை அழுத்தும்போது விழும் சிமிட்டல் பூஜ்ஜியம். அதை ஒன்று என்று எண்ணுவது எல்லோரும் செய்யும் தவறு. சாதனம் இல்லாமல் ஒரு முறை, இருந்து ஒரு முறை என மாற்றி மாற்றி மும்மூன்று தடவை எடுங்கள். 'இல்லாமல்' மூன்றையும் மதியமும் 'இருந்து' மூன்றையும் மாலையும் எடுத்தால், மாலையில் வோல்டேஜ் இறங்கி விசிறி மெதுவாவதே சாதனத்தின் சாதனையாகத் தெரியும். செருகுபவர் ஒருவர், எண்ணுபவர் வேறொருவர். செருகியிருக்கிறதா இல்லையா என்பது எண்ணுபவருக்குத் தெரியக் கூடாது. சாதனம் இல்லாத எண்ணிக்கைகளே 98, 101, 99 என்று வந்தால் அந்த அளவு ஏற்ற இறக்கம் இயல்பு. செருகிய எண்ணிக்கையும் அதற்குள்ளேயே விழுந்தால் சாதனம் ஒன்றும் செய்யவில்லை.

விற்பனையாளர் கிளாம்ப் மீட்டரில் (கம்பியைக் கவ்விப் பிடித்து மின்னோட்டத்தை அளக்கும் கருவி) ஆம்பியர் இறங்குவதைக் காட்டுவார். உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரு கெப்பாசிட்டர். சோக் போன்றவை வேலைக்குப் பயன்படாமல் வாங்கித் திருப்பும் மின்னோட்டத்தை அது ஈடுகட்டுவதால் ஆம்பியர் இறங்கத்தான் செய்யும். வீட்டு மீட்டரோ உண்மையில் செலவான கிலோவாட் மணியை, அதாவது யூனிட்டைத்தான் கணக்கிடுகிறது. பவர் ஃபேக்டர் (இழுக்கும் மின்சாரத்தில் உண்மையில் வேலைக்குப் பயன்படும் பங்கு) குறைந்தால் அபராதம் கட்டும் ஆலைகளுக்கு கெப்பாசிட்டர் பயன்படும். நம் வீட்டு பில்லில் அந்த அபராதமே கிடையாது.

"பலன் தெரிய மூன்று மாதம் ஆகும்" என்பது அடுத்த பதில். சரி, மூன்று மாதம் செருகியே வைத்துவிட்டு, அதே விசிறி, அதே லைட்டோடு மறுபடி எண்ணட்டும். நாளிதழ்களும் இத்தகைய விளம்பரங்களை ஏற்கும் முன் இந்த ஆறு எண்களைக் கேட்டு வாங்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், திண்டுக்கல்