அவசரப்படுத்தாதவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும்,

வயிற்றில் பை இல்லாமல் இன்றோடு 3 மாதம். நேரில் சொல்லப் போனால் யாரையாவது விட்டுவிடுவேன், அதனால் இந்த மடல்.

பெருங்குடலில் ஓட்டை விழுந்து அவசர ஆபரேஷன் நடந்தபோது என்னைக் கேட்டு எதுவும் செய்யவில்லை. பதில் சொல்லும் நிலையில் நானும் இல்லை. கண் விழித்தால் இடது பக்கம் கொலாஸ்டமி: குடலை வயிற்றின் வழியே வெளியே எடுத்து, மலம் சேர மேலே ஒரு பை. அதைத் திரும்ப உள்ளே இணைப்பதா வேண்டாமா என்பதுதான் நானாக எடுக்க வேண்டியிருந்த முடிவு. 10 மாதம் இழுத்தேன்.

டாக்டர், "இது செய்தே ஆக வேண்டிய ஆபரேஷன் இல்லை" என்று நீங்கள் சொன்ன அன்றுதான் எனக்கு உங்கள் மேல் முழு நம்பிக்கை வந்தது. இணைத்த இடம் கசிந்தால் மறுபடி பை வைக்க நேரலாம் என்பதையும் படம் வரைந்தே காட்டினீர்கள். அந்தக் காகிதம் பத்திரமாக இருக்கிறது.

காத்திருக்கும் அறையில் பேச்சுக் கொடுத்த பெரியவரே, "எனக்குப் பழகிடுச்சுப்பா, நான் மூடிக்கப் போறதில்ல" என்றீர்கள். பையோடும் நன்றாக வாழலாம் என்று தெரிந்த பிறகுதான், வெட்கத்தை ஓரம் வைத்துவிட்டு யோசிக்க முடிந்தது. நான் வேறு முடிவுக்கு வந்தேன். ஆனால் வர வைத்தது நீங்கள்.

ஸ்டோமாவை, அதாவது குடல் வெளியே வரும் அந்த வாயை, பராமரிக்கக் கற்றுத் தந்த ஸ்டோமா சிஸ்டருக்கு என்ன சொல்ல! "அந்தச் சிவப்புச் சதைக்கு வலி தெரியாது, பயப்படாம துடைங்க" என்று என் கையைப் பிடித்துப் பழக்கினீர்கள். பை இருக்கும்போதே ஆசனவாய் வழியாகச் சளி போல வந்து நான் மிரண்டு ஓடி வந்த நாளில், பயன்படாத குடலும் சளி சுரக்கும் என்று சிரிக்காமல் விளக்கினீர்கள். மூடிய பிறகு ஒரு நாளைக்குப் பத்து தடவைகூட ஓட வேண்டியிருக்கும், புண்ணாகும் முன்பே துத்தநாகக் களிம்பு தடவுங்கள் என்றதும் நீங்கள்தான். பத்து இல்லை சிஸ்டர், பதினான்கு. இப்போது நான்கில் நிற்கிறது.

இருமும்போது தலையணையை வயிற்றில் அழுத்திப் பிடிக்கச் சொன்ன, மூச்சுப் பயிற்சிக்காக மூன்று பந்து ஊதுகுழலை உறிஞ்ச வைத்து என்னிடம் திட்டு வாங்கிய பிசியோ தம்பிக்கு: மன்னிப்பும் நன்றியும். ஸ்டோமா இருந்த இடத்தை முழுக்கத் தைக்காமல் சின்னக் குழியாக விட்டிருந்தார்கள். அது உள்ளிருந்து ஆறி மேலே வரும்வரை கட்டு மாற்ற அழைத்துப் போன மைத்துனருக்கும்.

இணைத்த ஆபரேஷன் முடிந்த நான்காம் நாள் இரவு இரண்டரை மணிக்குக் காற்று பிரிந்தது. குடல் மறுபடி வேலை செய்யத் தொடங்கியதற்கு அதுதான் அடையாளம். இரவு டியூட்டி சிஸ்டர் ஏதோ பிள்ளை பிறந்த மாதிரி கை தட்டினார். அந்நேரத்துக்கு வீட்டுக்குப் போன் போட்டேன். "நிஜமாவா?" என்று கேட்டு அழுதாள் என் மனைவி.

அவளுக்கு. வெளியே கிளம்பினால் வழியில் எங்கே கழிப்பறை என்று எனக்கு முன்னால் பார்த்து வைக்கிறாய். கதவுக்கு வெளியே நின்று ஒரு நாளும் "இன்னுமா?" என்று கேட்டதில்லை. மிச்சமிருந்த பைகளை வேறு யாருக்காவது உதவட்டும் என்று சிஸ்டரிடம் கொடுத்துவிட்டோம், ஒரு பெட்டியைத் தவிர. அது அலமாரியில் துணிகளுக்குப் பின்னால் இருப்பது உனக்குத் தெரியும். ஏன் என்று கேட்காமல் இருப்பதற்கும் நன்றி.