முட்டை வெடிக்கும் ஊசிக்கு முன்னால் பேசுங்கள்: கருத்தரிப்பு மைய மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களே,

ஏழு வருடம் குழந்தைக்காகக் காத்திருந்தவள் நான். விந்தணுவை நேரடியாகக் கருப்பைக்குள் செலுத்தும் ஐயுஐ சிகிச்சைக்கு முந்தைய ஸ்கேனில், "நாலு முட்டை நல்லா வளர்ந்திருக்கு" என்றார்கள். நாலு வாய்ப்பு என்றுதான் எனக்குப் புரிந்தது. நாலுமே கருவாகலாம் என்று அந்த அறையில் யாரும் சொல்லவில்லை. அன்று மாலையே, முதிர்ந்த முட்டைகளைச் சினைப்பையிலிருந்து வெளிவரச் செய்யும் அந்த முட்டை வெடிக்கும் ஊசியைப் போட்டார்கள்.

ஏழாவது வாரம் மூன்று இதயத்துடிப்பு. பதினோராவது வாரம், "ஒன்றைக் குறைத்துக்கொள்கிறீர்களா? சீக்கிரம் சொல்லுங்கள்" என்றார்கள். கருக்குறைப்பு என்ற சொல்லையே அன்றுதான் கேட்டேன். ஸ்கேன் பார்த்தபடி ஊசி செலுத்தி ஒரு கருவின் துடிப்பை நிறுத்துவது. மற்றவை கூடுதல் வாரங்கள் தங்க அது உதவும். எல்லாமே கலைந்துபோகும் அபாயமும் கொஞ்சம் உண்டு. நாங்கள் வேண்டாமென்றோம். சரியென்று சொன்ன பெண்களை எனக்குத் தெரியும், அவர்கள் மேல் எனக்கு மரியாதைதான். ஏழு வருடம் ஏங்கியவளிடம் இந்தக் கேள்வியை முதன்முதலாக அந்த நேரத்திலா கேட்பது?

31-ஆம் வாரம் ரத்த அழுத்தம் ஏறி, அறுவைசிகிச்சை. மூவரில் கடைசிக்காரி 1.1 கிலோ. இரண்டு மணிக்கொரு தரம் பால் பீய்ச்சிக் கொடுப்பேன். 1, 2, 3 என்று ஸ்டிக்கர் ஒட்டிய மூன்று சிரிஞ்சுகளில் ஆளுக்கு 2 மில்லி ஏற்றி, மூக்குக் குழாய் வழியாக நர்ஸ் மெல்ல இறக்குவார். மூன்றாம் நம்பர் சிரிஞ்சு பல நாள் அப்படியே திரும்பி வந்தது. இன்று மூவரும் இருக்கிறார்கள். பக்கத்து இன்குபேட்டர் தாய்க்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

உடலுக்கு வெளியே கருவை உருவாக்கிக் கருப்பையில் வைக்கும் ஐவிஎஃப்-இல், எத்தனை கரு வைப்பது என்பது உங்கள் கையில் இருக்கிறது. 2003-லேயே ஸ்வீடன் ஒற்றைக் கருவை வழக்கமாக்கியது. இரட்டைப் பிரசவங்கள் சரிந்தன, கர்ப்ப விகிதம் சரியவில்லை. ஐயுஐ அப்படியல்ல. ஊசி போட்டபிறகு எண்ணிக்கை யார் கையிலும் இல்லை. ஆகவே மூன்று, நான்கு முட்டை முதிர்ந்திருந்தால் "இந்த மாதம் வேண்டாம், அடுத்த மாதம் முட்டை வளர்க்கும் மருந்தைக் குறைத்துப் பார்ப்போம்" என்று சொல்லுங்கள். நாங்கள் அழுவோம், "பரவாயில்லை டாக்டர், போட்டுடுங்க" என்று கெஞ்சுவோம். அப்போதும் மறுத்துவிடுங்கள். சராசரியாக மூன்று குழந்தைக் கர்ப்பம் 32 வாரத்தை ஒட்டியும் நான்கு என்றால் 30-ஐ ஒட்டியும் முடிந்துவிடுகிறது என்பதை எங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

அதையும் மீறி மூன்று தங்கிவிட்டால், எட்டாவது வாரத்தில் ஃபைலைக் கையில் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். நஞ்சுக்கொடியைப் பகிர்கின்றனவா என்பது முதல் மூன்று மாதத்துக்குள்தான் தெளிவாகத் தெரியும். பகிர்ந்தால் கவனிக்கும் முறையே வேறு. பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனையை அப்போதே கைகாட்டுங்கள். நுரையீரல் முதிர்ச்சிக்கான ஸ்டீராய்டு ஊசி பிரசவத்துக்கு முன்பே உடம்பில் ஏறியிருக்க வேண்டும், கடைசி நேர ஓட்டத்தில் அது தவறிப்போகக் கூடாது. மாதக்கணக்கில் படுக்கையிலேயே கிடக்கச் சொல்லி அனுப்பாதீர்கள். அது குறைப்பிரசவத்தைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரமில்லை, காலில் ரத்தம் உறையும் அபாயம்தான் கூடும். நான் கிடந்தேன்.

சிகிச்சை தொடங்குமுன் இதையெல்லாம் தம்பதியை உட்காரவைத்துப் பேச ஓர் ஆள் வேண்டுமென்றால் கூப்பிடுங்கள், வருகிறேன்.

இப்படிக்கு,
மூன்று குழந்தைகளின் தாய்