பாலாற்று மணலும் மாடர்ன் ஆர்ட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'மாடர்ன் ஆர்ட் என்பது வரையத் தெரியாதவர்கள் கண்டுபிடித்த குறுக்குவழி' என்று சென்ற இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். வேலூர் வட்டாரப் பள்ளிகளில் முப்பது வருடத்துக்கு மேல் ஓவிய ஆசிரியராக இருந்தவன் நான். சுவரில் யாராவது கரியால் கிறுக்கியிருந்தால்கூட 'என்னப்பா, மாடர்ன் ஆர்ட்டா?' என்று கேட்பது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம்.

வரையத் தெரியாதவர் என்றால் பிக்காசோவை எங்கே வைப்பது? 1896-இல், பதினான்கு வயதில், முதல் நற்கருணைக்கு மண்டியிட்ட தங்கையை அவர் வரைந்தார். அந்த வெள்ளை உடையின் மடிப்பையும் முக்காட்டின் மென்மையையும் பார்த்தவர் யாரும் கையைக் குறை சொல்ல மாட்டார்கள். அதே கைதான் 1907-இல் 'அவின்யோன் பெண்கள்' படத்தில் முகங்களை முகமூடிபோல் வெட்டி வைத்தது. தெரிந்ததை விட்டுவிட்டு வேறொன்றைத் தேடிப் போனார் அவர்.

இந்தத் தேடல் அவருக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1839-இல் பாரிஸில் புகைப்பட முறையை உலகுக்கு அறிவித்தார்கள். உள்ளதை உள்ளபடி பிடித்துக் கொடுக்க ஒரு கருவி வந்ததும், 'அப்படியானால் ஓவியத்துக்கு என்ன வேலை?' என்ற கேள்வி எழுந்தது. ஆனால் கேமரா மட்டுமே காரணமில்லை. 1841-இல் தகர டியூபில் வண்ணம் வந்தது. அதுவரை பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்திருந்த வண்ணத்தை இனி பையில் போட்டுக்கொண்டு ஆற்றங்கரைக்கே போகலாம். ஜப்பானிய அச்சுப் படங்கள் வந்து, நிழலே இல்லாத தட்டையான வண்ணத்துக்கும் ஓர் அழகு உண்டு என்று காட்டின. 1874-இல் பாரிஸில் ஒரு புகைப்படக்காரரின் பழைய ஸ்டூடியோவில் பிரெஞ்சு ஓவியர் மோனேயும் நண்பர்களும் தாங்களே கண்காட்சி வைத்தார்கள். மோனே படத்தின் தலைப்பைக் கிண்டல் செய்து ஒரு விமர்சகர் எழுதியதிலிருந்துதான் அவர்கள் பாணிக்கு 'இம்ப்ரெஷனிஸம்' என்ற பெயரே நிலைத்தது.

இதையெல்லாம் புத்தகத்தில் படித்திருந்தேன். எனக்குப் புரிய வைத்தவள் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி. வறண்ட பாலாற்றை வரையச் சொன்னபோது, மணலில் விழுந்த நிழலுக்கெல்லாம் ஊதா அடித்திருந்தாள். 'மணல் ஊதாவா இருக்குமாம்மா?' என்றேன். 'சாயங்காலம் அப்படித்தான் சார் இருக்கும்' என்றாள். அன்று மாலை காட்பாடி பாலத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். மேட்டு மணல் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. பள்ளத்தில், லாரி போன தடத்துக்குள், ஊதாதான். அந்தப் பாலத்தை எத்தனை முறை கடந்திருப்பேன்! மணல் என்றால் இந்த நிறம் என்று மனதில் இருந்ததையே அத்தனை வருடமும் பார்த்திருக்கிறேன். மோனே வைக்கோல் போரை வெவ்வேறு வெளிச்சத்தில் இருபத்தைந்து தடவை வரைந்தது ஏன் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

அடுத்த வாதம், இது நமக்கு ஒட்டாத வெளிநாட்டுச் சரக்கு என்பது. வடாற்காட்டில் பாரதக் கூத்து பார்த்தவர்கள் இப்படிச் சொல்லலாமா? துரியோதனன் வீழும் படுகளத்தன்று, மண்ணால் செய்த துரியோதனன் உருவம் மல்லாந்து கிடக்கும். உருட்டிய கண், முறுக்கிய மீசை, ஆள் ஏறி நடக்கிற அளவுக்கு மார்பு. 'மனுஷன் மாதிரி இல்லையே' என்று யாரும் கேட்டதில்லை. பீமன் தொடையில் அடிக்கும்போது ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஓர் உணர்வுக்காக உருவம் மாறலாம் என்பது நம் சனங்களுக்குத் தெரியும். அதற்காகப் படுகளமும் மாடர்ன் ஆர்ட்டும் ஒன்றுதான் என்று நான் சொல்ல வரவில்லை. படுகளத்து உருவத்தைச் செய்பவருக்குப் பின்னால் முறை இருக்கிறது, திரௌபதி அம்மன் இருக்கிறாள். நவீன ஓவியனுக்கு அந்தத் துணை கிடையாது. தன் இலக்கணத்தைப் படத்துக்குப் படம் அவனே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். பார்க்கிற நமக்கும் சிரமம் அங்கேதான் வருகிறது.

சிரமம் என்பதற்காக விலகிப் போக வேண்டியதில்லை. 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கிய கே.சி.எஸ். பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையைப் பாருங்கள். ஜாதகக் கட்டம், ஓலைச்சுவடி மாதிரி நெருக்கிய எழுத்து. வாசிக்க முடியாது. ஆனால் நம் வீட்டுப் பெட்டியில் மஞ்சள் தடவி மடித்து வைத்திருக்கும் காகிதம் ஞாபகத்துக்கு வரும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். நவீன ஓவியம் பற்றி எழுதும்போது படத்தைத் தபால்தலை அளவில் போடாதீர்கள். 'அவின்யோன் பெண்கள்' ஏறக்குறைய எட்டடிக்கு எட்டடி. அதை இரண்டு அங்குலமாக்கிக் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டால் எந்த வாசகருக்குத்தான் பிடிக்கும்? மாதம் ஒரு படமானாலும் போதும். முழுப் பக்கத்தில், வண்ணத்தில், உண்மையான அளவையும் வருடத்தையும் கீழே குறிப்பிட்டு வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
காட்பாடி, வேலூர்.